அழுமூஞ்சிப் பொத்தான்

வலது தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்துவிட்டு, பிடுங்க மறந்து போனது மாதிரி இருந்தது. பெரியவள் இடது கையை ஊன்றிப் பாயிலிருந்து எழுந்தாள். வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது.

எல்லாம் தரை தேய்க்கும் மெஷின் பார்த்த வேலை. அது எப்போதும் வலது பக்கமாகவே இழுக்கும். அடம் பிடிக்கிற பிள்ளையைக் கடைத்தெருவில் இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி, வருஷக்கணக்காக அதை நேராக நடத்தியிருக்கிறாள். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள்தான் தேய்ந்துபோனது.

அடுப்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கை குளித்து, சீருடை மாட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பேர். அவளுடைய பாய் மூலையில் சுருட்டியபடியே நின்றது. நேற்று ராத்திரி பெரியவள் படுக்கப் போனபோதும் அது அப்படித்தான் நின்றது.

"தூங்கலையா?"

"தூங்கினேனே."

"உக்காந்துக்கிட்டா?"

"நீ விடுற கொறட்டைக்குப் படுத்தா தூங்க முடியும்?"

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "சித்தி சொல்றது நெசம்மா. அப்பா லாரிய வீட்டுக்குள்ள நிறுத்திட்டுப் போயிட்டாரோன்னு நெனச்சேன்."

பெரியவள் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

போன வாரம் சின்னவள் பட்டப்பகலில் தண்ணீர் வாளியை விடுதி நடைபாதை நடுவில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் மேலாளரிடம் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து நெற்றியைத் தொட்டால் சூடே இல்லை. ஏன் வந்தாய் என்று கேட்டதற்குச் சின்னவள் சொன்னது ஒரே வார்த்தைதான்: "கதவு சாத்தியிருந்துச்சு."

என்ன கதவு, எந்தக் கதவு என்று பெரியவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

போன பருவத் தேர்வு சமயத்தில் நடந்தது. பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி, கடைசிக் குளியலறை. தட்டிப் பார்த்துப் பதில் வராமல், தோளைக் கொடுத்துக் கதவைத் திறந்தது சின்னவள். உள்ளே ஒரு மாணவி நினைவில்லாமல் கிடந்தாள். சின்னவள்தான் அவளைத் தூக்கி வெளியே கிடத்தினாள், கத்தினாள், ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பெண் பிழைத்துக்கொண்டது.

அதற்கப்புறம் கல்லூரி விழித்துக்கொண்டது. மாணவர்களுக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். வட்டமாக உட்கார வைத்துப் பேசினார்கள். புல்வெளியில் நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டு, தடவிக்கொடுங்கள், மனசு லேசாகும் என்றார்கள். லேசாகியிருக்கும். நாய்க்குட்டிகள் போனதை அள்ளியது பெரியவளின் துப்புரவுக் கூட்டம்.

அந்தக் குளியலறைத் தரையை அன்று சாயங்காலமே கழுவியதும் சின்னவள்தான். கழுவச் சொன்னது பெரியவள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் செங்கல் சூளையில் வளர்ந்தவர்கள். அங்கே கை கொப்பளித்தால் துணி சுற்றுவார்கள், மனசு கொப்பளித்தால் இன்னும் பத்துக் கல்லைத் தலையில் ஏற்றுவார்கள். உடம்பு ஓய்ந்தால் மனசும் தன்னால் ஓயும் என்று பெரியவள் நம்பினாள். வேறு எதையும் நம்ப அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"வேன் வந்துடும். எந்திரி," என்றாள்.

---

கல்லூரி வேனில் துப்புரவுக் கூட்டம் பாதி ஏறியிருந்தது. மகள் அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம். வேனில் இடம் இருந்தால் ஏறிக்கொள்வாள். அவள் ஏறியதும் ரேடியோ ஆரம்பித்தாள். ரேடியோ என்பது பட்டப்பேர். ஊர்ச் செய்தி அத்தனையும் அவளிடம் கிடைக்கும், அணைக்கத்தான் முடியாது.

"வாம்மா படிப்பாளி! எங்களோட வந்தா உன் சட்டையில பினாயில் வாசம் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும் அத்தை. பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். நிம்மதியா படிக்கலாம்."

வேன் முழுக்கச் சிரித்தது. சின்னவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊழியர் வாசலில் வருகைப் பதிவு மெஷின் இருந்தது. அட்டையைத் தேய்க்க வேண்டும். சைரன் ஊதியபிறகு தேய்த்தால் அரை நாள் போச்சு. கூட்டத்தில் ஒன்பது பேர். ஒருத்தி பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள், ஒருத்தி படுத்த படுக்கையான மாமியாருக்குத் துணி மாற்றிவிட்டு வருவாள். அதனால் எப்போதோ ஒருநாள் பெரியவள் ஒன்பது அட்டையையும் வாங்கி ஒரே வளையத்தில் கோத்துவிட்டாள். வந்தவர்கள், வரப்போகிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்து அவளே தேய்ப்பாள். சாயங்காலம் போகும்போதும் அப்படித்தான். கூட்டத்தில் யாருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை. மேஸ்திரி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்?

அந்த மாணவி விஷயத்துக்கப்புறம் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை மாட்டினார்கள். அதில் மூன்று பொத்தான்கள். சிரித்த மூஞ்சி, சும்மா மூஞ்சி, அழுமூஞ்சி. ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் அட்டையைத் தேய்த்துவிட்டு, மனசு எப்படி இருக்கிறது என்று ஒன்றை அமுக்க வேண்டும். மாணவர்களுக்கு இதே மூஞ்சிகள் போனில் வரும், ஆசிரியர்களுக்கு அவர்கள் வாசலில் தனிப் பெட்டி.

பெரியவள் வளையத்தை எடுத்தாள். தோள் வலித்ததால் இன்று இடது கையால். தேய்த்தாள், சிரித்த மூஞ்சி. தேய்த்தாள், சிரித்த மூஞ்சி. பெட்டி ஒவ்வொரு தடவையும் குருவி மாதிரிக் கீச்சென்றது.

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரியம்மா, அந்தக் கோடி மூஞ்சியையும் ஒரு தடவ அமுக்கிப் பாரேன். என்ன சத்தம் வருதுன்னு எனக்கும் தெரிஞ்சமாதிரி இருக்கும்."

"உன் அட்டையில அமுக்கிப் பாரு. எங்க கூட்டத்துல யாருக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கோம்."

சின்னவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை லேசாக நீண்டது, வளையத்தை வாங்குவதற்குப் போல. அதற்குள் ஒன்பதாவது கீச் முடிந்துவிட்டது. கை திரும்பிப் போய்க் கோட்டுப் பைக்குள் புகுந்துகொண்டது.

---

பத்து மணி வாக்கில் மேலாளர் கூப்பிட்டார். போன வாரக் காய்ச்சல் பொய் வெளியே வந்துவிட்டதோ என்ற பயத்தோடு பெரியவள் போனாள். மேலாளர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அதைப் பார்த்ததும் பயம் இரண்டு மடங்காயிற்று.

அறையில் கல்லூரியின் மனநல ஆலோசகரும் இருந்தார். சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

மேலாளர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பட்டை பட்டையாக நிறங்கள். மற்ற பிரிவுகளில் மஞ்சளும் சிவப்பும் கலந்து கிடந்தன. ஒரே ஒரு பட்டை மட்டும் நாற்று நட்ட வயல் மாதிரிப் பச்சையாக இருந்தது.

"இது உங்க கூட்டம்மா. ஒருநாள் தப்பாம அத்தன பேரும் சிரிச்ச மூஞ்சி! கணக்கு டிபார்ட்மெண்ட்டப் பாருங்க, ஒரே ஒப்பாரி. கல்லூரியிலேயே சந்தோஷமான பிரிவுன்னு உங்களுக்குக் கேடயம் குடுக்கப்போறோம். நாளைக்குப் போட்டோ. ஆண்டு மலர்ல மொதப் பக்கம்."

பெரியவளுக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. ஆயுசில் அவளுக்கு யாரும் கேடயம் தந்ததில்லை. தோள்வலிகூட ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்றது.

ஆலோசகர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஒருத்தருக்குக் கூட ஒருநாள் கூடவா கஷ்டமா இல்ல?"

"கஷ்டம் இருக்கும் மேடம். அத வாசல்லயே எறக்கி வச்சிட்டுத்தான் உள்ள வருவோம்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் மேலாளர். "நம்ம மேடமே தினம் சிரிச்ச மூஞ்சிதான்."

"நான் அழுமூஞ்சி அமுக்கினா, என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டியது நான்தானே சார்."

மேலாளர் பெரிதாகச் சிரித்தார். போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

கதவு சாத்தியதும் ஆலோசகர் நாற்காலியை நகர்த்திக் கிட்டே வந்தார். "அன்னிக்கு ரெண்டாம் மாடியில கதவத் தெறந்தது உங்க தங்கச்சிதானேக்கா?"

"ஆமா."

"இந்தப் பெட்டி வந்த நாள்லேர்ந்து அவங்க அட்டையத்தான் நான் மொதல்ல பாக்கறேன். மூணு நாள் தொடர்ந்து அழுமூஞ்சி வந்தாத்தான் ஊழியர்கள நான் கூப்பிடலாம். அதுதான் எனக்குப் போட்ட விதி. சும்மா கூப்பிட்டா வேல நேரத்தக் கெடுக்குறேன்னு சொல்லுவாங்க. எப்ப வரும் எப்ப வரும்னு காத்திருந்தேன். மறுநாளும் சிரிச்ச மூஞ்சி. அதுக்கு மறுநாளும் சிரிச்ச மூஞ்சி. போன வாரம் பாதி நாள்ல வீட்டுக்குப் போனாங்களே, அன்னிக்கும் சாயங்காலம் சிரிச்ச மூஞ்சி. அப்படி ஒரு மனசு யாருக்கு வாய்க்கும்னு யோசிச்சேன்."

பெரியவளின் இடது கை பையிலிருந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டது. அட்டைகள் சத்தம் போடாமல் இருக்க.

"தானா ஒருத்தி உங்க அறைக்கு வரக்கூடாதா மேடம்?"

"வரலாம். மேலாளர்கிட்ட சீட்டு வாங்கிக்கிட்டு வரணும். என் அறை அவர் அறைக்கு நேர் எதிர்ல. இதுவரைக்கும் ஊழியர்ல ஒருத்தர்கூட வந்ததில்லக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு திங்கக்கிழமை காலேஜுக்குத் திரும்பி வருது. தன்னத் தூக்கினவங்களப் பாக்கணும்னு அதுவே உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு. உங்க தங்கச்சி தாங்குவாங்களா?"

தாங்குவாளா? மெஷினைக் கேட்டால் தாங்குவாள் என்று சொல்லும். பெரியவள் "கேட்டுச் சொல்றேன் மேடம்" என்று எழுந்துவிட்டாள்.

உண்மை வாய் வரை வந்தது. பெட்டியை அமுக்கியது ஒரே கை என்று சொன்னால், அட்டை தேய்த்ததும் அதே கைதானே என்ற கேள்வி பின்னாலேயே வரும். வாசலில் கேமரா இருக்கிறது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் ஒன்பது பேர் வேலையும் அதோடு சரி.

---

மதியம் சாமான் அறையில் சாப்பாடு. துடைப்பங்களும் பினாயில் கேன்களும் அடுக்கிய இடுக்கில், கவிழ்த்த வாளிகள்தான் நாற்காலி. மற்றவர்கள் வெயிலுக்கு வெளியே மரத்தடிக்குப் போயிருந்தார்கள். சின்னவள் அறையின் கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்து நிறுத்தியிருந்தாள். இந்த நாட்களில் எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான். பெரியவளுக்கு அது காற்றுக்காக என்று இதுவரை தோன்றியிருந்தது.

மகளும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

பெரியவள் பாதிச் சோற்றிலேயே நிறுத்தினாள். டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, காலைல என் கையிலேர்ந்து வளையத்த வாங்க வந்தியா?"

சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"தினமும் வர்றேன். நீ இன்னிக்குத்தான் பாத்திருக்கே."

மகள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"வாயத் தெறந்து கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. பெட்டி மாட்டின ரெண்டாம் நாள். என் அட்டைய நானே தேய்க்கிறேன்கான்னேன். 'ஏன், நான் தேய்ச்சா தேயாதா'ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

பெரியவளுக்கு ஞாபகம் இருந்தது. நல்ல பதில் சொன்னோம் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்ததும் ஞாபகம் இருந்தது.

"எந்த மூஞ்சிய அமுக்கறதுக்கு?"

"அதுல மூணுதானே இருக்கு."

"அழுமூஞ்சி அமுக்கி என்ன ஆகப்போகுது?"

"கூப்பிடுவாங்க." சின்னவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மூணு நாள் அமுக்கினா கூப்பிடுவாங்கன்னு ரேடியோ சொன்னா. நானா எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போனா பைத்தியம்னு பேரு வரும். அவங்க கூப்பிட்டு நான் போனா அதுவும் வேலதான். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீயும் சொல்ல முடியாது."

"நான் என்னடி சொல்லப்போறேன்?"

"எந்திரிச்சு வேலையப் பாருன்னு சொல்லுவே."

பெரியவள் வாயைத் திறந்தாள். உண்மையில் அந்த வாக்கியம்தான் பாதி வழி வந்திருந்தது. விழுங்கிவிட்டாள்.

"சாத்தின கதவப் பாத்தா கை நடுங்குதுக்கா," என்றாள் சின்னவள், தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற குரலில். "அதுக்குள்ள யாரோ இருக்காங்கன்னு தோணுது. நான் தட்ட லேட்டாயிடுச்சுன்னு தோணுது. நம்ம கூட்டத்துச் சோப்பு இருக்காளே, அவ பாவம், ரெண்டாம் மாடிய எனக்காக அவளே பாத்துக்குறா. போன வாரம் அவ வரல. அதான் வாளியப் போட்டுட்டு வந்துட்டேன்."

மகள் தன் டப்பாவைக் கீழே வைத்தாள். "நான் அமுக்கினேம்மா."

"என்னத்த?"

"அழுமூஞ்சி. என் போன்ல. போன தேர்வுல ரெண்டு பேப்பர் போச்சே, அப்போ. மூணு நாள் அமுக்கினேன். நாலாம் நாள் மேடம் கூப்பிட்டாங்க. நாலஞ்சு தடவ போய்ப் பேசினேன். இப்ப பரவால்ல."

"எங்கிட்டச் சொல்லல?"

"சித்தி இப்ப சொன்னாங்களே, அதே காரணந்தான்."

 வெளியே மரத்தடியில் ரேடியோ எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் தான் ஒருத்திதான் என்பது பெரியவளுக்கு உறைத்தது. சொந்த மகள் தேறியதுகூட அவளுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

"கேடயம் குடுக்கறாங்களாம்," என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நாமதான் சந்தோஷமான பிரிவாம். நாளைக்குப் போட்டோ."

மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் சின்னவள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். இந்தத் தடவை வாயோடு நிற்கவில்லை.

"சிரிக்காதீங்கடி," என்றாள் பெரியவள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் ஆத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிக்கிற முகத்தைப் பார்த்துவிட்டு மனசு வரவில்லை.

---

சாயங்காலம் வாசலில் கூட்டம் வரிசையாக நின்றது. பெரியவள் வளையத்தை எடுத்தாள். எட்டு அட்டையை எப்போதும் போலத் தேய்த்தாள். எட்டுக் கீச். ஒன்பதாவதை வளையத்திலிருந்து கழற்றினாள். பல நாள் கோத்துக் கிடந்த அட்டை லேசில் கழலவில்லை. நகம் பெயர்ந்தது.

"இந்தா," என்று தங்கையிடம் நீட்டினாள். "நீயே தேய்."

ரேடியோ வாயைத் திறந்தாள். பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆயுசில் முதல் தடவையாகத் தானே அணைந்துகொண்டாள்.

சின்னவள் அட்டையை வாங்கித் தேய்த்தாள். பெட்டிக்கு முன்னால் நின்றாள். விரல் அழுமூஞ்சிக்கு நேரே போயிற்று. மற்ற இரண்டும் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தன. அது மட்டும் கடையில் வாங்கியது மாதிரிப் புதுசாக இருந்தது. விரல் அங்கேயே நின்றது. 

சின்னவள் தலையைத் தூக்கி, மேலே மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். பின்னால் நின்ற எட்டுப் பேரைப் பார்த்தாள்.

கீச்.

சிரித்த மூஞ்சி.

வேனில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் பெரியவளால் கேட்க முடிந்தது. "ஏண்டி?"

"நேத்து வரைக்கும் சிரிச்சவ இன்னிக்கு எப்படி அழுவுறான்னு கேப்பாங்க. கேமராவத் திருப்பிப் பாப்பாங்க. புள்ளைய விட்டுட்டு வர்றவ எப்ப வர்றான்னு பாப்பாங்க. உனக்கு வேற நாளைக்குப் போட்டோ." அட்டையை அக்காவின் மடியில் வைத்தாள். "விடு. இத்தன நாள் இருந்தாச்சு."

"இத வச்சுக்கோ. உன்னோடது."

"நாளைக்குக் குடு."

வேன் நகர்ந்தது. மகள் பின் இருக்கையிலிருந்து சித்தியின் ஜன்னல் கண்ணாடியை எட்டி முழுக்கத் திறந்துவிட்டாள். 

இரண்டு தெரு தாண்டவில்லை, சின்னவளின் தலை சாய்ந்தது. ஆணி அடித்த அதே வலது தோளில், பாரம் முழுவதும். உட்கார்ந்தபடியே விழித்திருந்த ராத்திரிகள் அத்தனையும் சேர்ந்து கனத்தன. பெரியவளுக்குப் பல்லைக் கடிக்கிற வலி. கையை மாற்றவில்லை, நகரவில்லை. வேன் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் இடது கையால் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வரப்போகிற பெண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் போட்டோவில் எந்த மூஞ்சியோடு நிற்பது என்றும் தெரியவில்லை. மடியில் கிடந்த அட்டையில் தங்கையின் படம் இருந்தது, வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது, கன்னம் நிறைந்து. பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். மற்றதெல்லாம் அப்புறம். தங்கச்சிக்கு அவள் தர வேண்டிய பாக்கி, மூன்று அழுமூஞ்சி.